பிள்ளையைப் பார்த்தாச்சு, தாயை ஆர் பார்க்கிறது?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் இப்பவே வாசியுங்கள்.

"நாங்கள்" என்று இதில் எழுதுவது எங்கள் ஸ்டாஃப் ரூமில் இடைவேளைக்கு ஒரே மேசையைச் சுற்றி இருக்கிற ஆறு பேரைத்தான். வவுனியா டவுனில் இருந்து தினமும் ஏ9 இல் பஸ் பிடித்து ஓமந்தைக்கு வந்து படிப்பிக்கிற ஆட்கள். பள்ளிக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர், தேவாலயத்துக்குப் போகிறவர் எல்லாரும் கலந்த மேசை. எழுதுகிற பொறுப்பை மட்டும் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆளின் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன வருடம் எங்கள் மேசைத் தங்கச்சி ஒருவருக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். (அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். "எழுதுங்கோ, ஆனா என்னை அழுமூஞ்சியாக் காட்டிப்போடாதேங்கோ" என்பது அவருடைய ஒரே நிபந்தனை.) மூன்றாம் மாதம் தொடங்கிய சத்தி நாலாம் மாதமும் நிற்கவில்லை. சாப்பிட்டால் இடது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். அது மெல்ல முதுகுக்கு ஏறும். கரும்பலகையில் எழுதும்போது மற்றக் கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

நாங்கள் என்ன செய்தோம்? ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். இஞ்சித் தேத்தண்ணி, ஓமத்தண்ணி, ராத்திரியில் சோறு வேண்டாம், இடப்பக்கம் சரிந்து படு. "எனக்கும் ரெண்டாவதுக்கு இப்பிடித்தான் இருந்தது" என்று ஒரு டீச்சர் சொன்னவுடன் எல்லாருக்கும் நிம்மதி. காஸ்ட்ரிக் என்று முடிவு கட்டிவிட்டோம். அவரும் குளிசை போட்டார்.

ஸ்கேன் எடுக்காமல் இல்லை. இரண்டு தரம் எடுத்தார். இரண்டு தரமும் "பிள்ளை நல்லா இருக்கு, துடிப்பு நல்லா இருக்கு" என்ற பதிலோடு சிரித்துக்கொண்டு வந்தார். நாங்களும் ரோல்ஸ் வாங்கிக் கொண்டாடினோம். அந்த இரண்டு ஸ்கேனும் பார்த்தது பிள்ளையை. விலாவுக்குக் கீழே நோகுது என்று சொன்ன தாயின் மேல்வயிற்றில் கருவியை யாரும் வைக்கவில்லை.

மூன்றாவது தரம் வேறொரு இளம் டொக்டர். பிள்ளையைப் பார்த்து முடித்த பிறகு, "நோ எங்க அம்மா, கையால காட்டுங்கோ" என்று கேட்டாராம். காட்டிய இடத்துக்குக் கருவியை மேலே நகர்த்தினாராம். அங்கே கிட்டத்தட்ட ஒன்பது சென்றிமீற்றர் அளவில், நீர் நிறைந்த, உள்ளே தடுப்புகள் உள்ள ஒரு கட்டி. சதையியின் வால் பகுதியில்.

சதையி என்றால் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உடனே சொல்வார்கள். இந்தியப் புத்தகங்களில் கணையம் என்று இருக்கும். இரைப்பைக்குப் பின்னால், முள்ளந்தண்டுக்கு முன்னால், குறுக்கே படுத்திருக்கிற உறுப்பு. தலை முன்சிறுகுடலின் வளைவுக்குள், வால் மண்ணீரலுக்குப் பக்கத்தில். சமிபாட்டுச் சாறையும் சுரக்கும், இன்சுலினையும் சுரக்கும். இலங்கர்கான் என்ற ஜெர்மனிய மாணவர் 1869 இல் அதற்குள்ளே சிறுதீவுகளைக் கண்டார் என்று வருடா வருடம் படம் கீறிப் படிப்பிக்கிறோம். அதே உறுப்பு பக்கத்துக் கதிரையில் இருக்கிறவருக்கு நோகிறபோது எங்களுக்கு ஞாபகம் வந்தது ஓமத்தண்ணி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம், வாசிக்கிற பிள்ளைத்தாய்ச்சிகள் பயப்பட வேண்டாம். கர்ப்ப காலத்தில் சதையியில் கட்டி வருவது மிக அரிது. எந்த வகைப் புற்றுநோயாக இருந்தாலும் கர்ப்பத்தோடு சேர்ந்து வருவது ஏறத்தாழ ஆயிரம் கர்ப்பத்துக்கு ஒன்று என்பதுதான் பொதுவான கணக்கு. அதில் சதையிக்குரியது ஒரு சிறு துளி. மேல்வயிற்று நோவில் பெரும்பாலானது நெஞ்செரிவு, பித்தக்கல், இரைப்பைப் புண். ஆனால் பிந்திய மாதங்களில் அதே இடத்து நோ பிரஷர் ஏறி ஈரலைத் தாக்குவதன் அறிகுறியாகவும் இருக்கலாம், அதுவும் சும்மா விடக்கூடியது இல்லை. ஆகவே "நோ எங்க அம்மா" என்ற கேள்வி கட்டிக்காக மட்டும் கேட்கிற கேள்வி இல்லை.

எங்கள் தங்கச்சிக்கு இருந்தது சளிமம் நிறைந்த நீர்க்கட்டி வகை. அநேகமாகப் பெண்களுக்கே வருவது, அநேகமாக உடலிலும் வாலிலுமே வருவது. அதன் சுவரில் சூலகத்தில் இருப்பது போன்ற இழையம் இருக்கும். அதனால் ஈஸ்ட்ரஜன், புரஜெஸ்தரோன் ஓமோன்களுக்கு அது செவிசாய்க்கும். கர்ப்பத்தில் அந்த ஓமோன்கள் பெருகும்போது கட்டியும் வேகமாகப் பெருக்கலாம், சிலருக்கு வெடித்தும் இருக்கிறது. இளம் பெண்களுக்கு வருகிற இன்னொரு வகை இருக்கிறது, திண்மமும் பொந்துமாக இருப்பது. அதை 1959 இல் விவரித்தவர் வேர்ஜினியா ஃபிரான்ற்ஸ் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர். இந்த இரண்டு வகையும் நேரத்தோடு முழுதாக அகற்றினால் பெரும்பாலும் சுகம்தான். சதையிக் கட்டி என்றவுடன் ஸ்டீவ் ஜொப்ஸை நினைத்து "சரி, முடிஞ்சுது" என்று கையை விரிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சதையியில் வருவதெல்லாம் ஒரே நோய் இல்லை. அவருக்கு இருந்ததும் எல்லாரும் பயப்படுகிற வகை இல்லை, அது வேறு.

அதற்குப் பிறகு கொழும்பு. சி.ரி. ஸ்கேனில் கதிர் இருப்பதால் கூடியவரை தவிர்த்து, நிறமருந்து ஏற்றாமல் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அது வயிற்றுப் பிள்ளைக்குப் பாதகமில்லை. பிறகு சத்திரசிகிச்சை நிபுணர், பிரசவ நிபுணர், மயக்க மருந்து நிபுணர், குழந்தை வைத்தியர் எல்லாரும் ஒரு மேசையில் இருந்து கதைத்தார்கள். இருபதாம் கிழமையில் ஒப்பரேஷன் என்று முடிவு.

வீட்டில் பூகம்பம். மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான்: "பிள்ளையை வயித்துக்க வைச்சுக்கொண்டு வயித்தை வெட்டுறதோ?" கணவர் எங்களிடம் வந்து, "சேர், பிறந்தாப் பிறகு செய்யலாந்தானே, இன்னும் அஞ்சு மாசந்தானே" என்றார். நாங்களும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தோம். பதில் சொல்லத் தெரியவில்லை. டொக்டர் சொன்னதை அவர் பிறகு எங்களுக்குச் சொன்னார். முதல் பன்னிரண்டு கிழமையில் பிள்ளையின் உறுப்புகள் உருவாகிற காலம், கரு கலைகிற வாய்ப்பும் கூட. கடைசி மூன்று மாதத்தில் கர்ப்பப்பை மேலே ஏறி வழியை மறைக்கும், முந்திப் பிரசவிக்கிற ஆபத்தும் கூட. நடுவில் இருக்கிற அந்த மூன்று மாதம்தான் கதவு திறந்திருக்கிற நேரம். கட்டி சிறிதாக, அமைதியாக இருந்தால் ஸ்கேனில் கவனித்துக்கொண்டு பிரசவம் வரை காத்திருப்பார்கள், அப்படிக் காத்திருந்த தாய்மார் உண்டு. இது ஒன்பது சென்றிமீற்றர், வளர்ந்துகொண்டும் இருக்கிறது. காத்திருந்து அது வெடித்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

வாலையும் மண்ணீரலையும் சேர்த்து எடுத்தார்கள். மண்ணீரல் இல்லாதவருக்குச் சில கிருமிகள் மோசமாகத் தாக்கும் என்பதால் அதற்குரிய ஊசிகள். ஒப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் பிள்ளையின் துடிப்பைப் பார்த்தார்கள். பன்னிரண்டு நாள் வாட்டில். ரிப்போட்டில் புற்றுநோய் இல்லை. பிறகு மாதம் நிரம்பி மகன் பிறந்தான். இன்சுலின் சுரக்கிற உறுப்பில் ஒரு பங்கு போய்விட்டதால் இப்போதும் சீனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இது நல்லபடி முடிந்த கதை. முடியாத ஒன்றும் எங்கள் கையில் இருக்கிறது, அதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு கிழமை யோசித்தோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவனின் தாய். எட்டாம் மாதம். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது கண் மஞ்சள், கையெல்லாம் சொறிந்த கீறல். செங்கண்மாரி என்று நாங்களே சொன்னோம். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கீழ்க்காய்நெல்லி அரைத்துப் பாலில் குடியுங்கள், உப்பு, எண்ணெய் தொடாதீர்கள் என்றும் நாங்கள்தான் சொன்னோம். எங்கள் வளவில் நின்ற செடியைப் பிடுங்கி ஷொப்பிங் பையில் போட்டும் கொடுத்தோம். படிப்பிக்கிறவர்கள் சொல்கிறார்கள் என்று அந்தத் தாய் மூன்று கிழமை குடித்தார்.

கர்ப்பத்தில் சொறி வந்தால் பித்தம் தேங்குகிற கர்ப்பகால நோயாகவும் இருக்கலாம். அதற்கும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது பிள்ளைக்கு ஆபத்து. ஆனால் சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, கண் நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டே போனால் பித்தக்குழாய் எங்கோ அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். கல்லாகவும் இருக்கலாம், சதையியின் தலையில் கட்டியாகவும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. அடைப்பைக் காட்டுகிற அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதியம் சூல்வித்தகத்திலிருந்தும் வரும், அதனால் கர்ப்பத்தில் அது கூடி இருப்பது சாதாரணம். அந்த எண்ணைப் பார்த்து "கர்ப்பத்துக்கு இப்படித்தான்" என்று விட்டுவிடவும் முடியும். அவருக்கு இருந்தது உண்மையான புற்றுநோய். கண்டபோது ஈரலுக்குப் போயிருந்தது. பிள்ளையின் நுரையீரல் முதிர ஊசி போட்டு, முந்திப் பிரசவம் பார்த்து, குழாய்க்குள் சிறு குழல் வைத்து மஞ்சளை இறக்கினார்கள். பிள்ளை பிழைத்தது. தாய் ஏழு மாதம் இருந்தார்.

மூன்று கிழமை முந்திப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? அந்த வகை நோய்க்கு அநேகமாக இல்லை என்றுதான் டொக்டர்மார் சொல்கிறார்கள். எங்களுக்கு ஆறுதலாகச் சொல்கிறார்களோ தெரியாது. அந்த மாணவன் எங்கள் வகுப்பில்தான் இருந்தான். இப்போது கீழ்க்காய்நெல்லியைத் தாவரப் பாடத்தில் காட்டவும் எங்களால் முடியவில்லை.

இனி எங்கள் முஸ்லிம் வீடுகளுக்கு ஒரு தனிப் பேச்சு. சீனி என்றால் கூடுவது மட்டும்தான் வருத்தம் என்று நினைக்கிறோம். இருபத்து நாலாம் கிழமையளவில் குளுக்கோஸ் தண்ணி குடிக்கத் தந்து இரத்தம் எடுப்பது கூடுகிற சீனியைப் பிடிக்கத்தான். அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் சதையியின் சிறுதீவில் வருகிற ஒரு சின்னக் கட்டி, சில நேரம் ஒரு சென்றிமீற்றர் கூட இருக்காது, கணக்கு வழக்கில்லாமல் இன்சுலினைக் கொட்டும். சீனி கீழே இறங்கும். விடியற்காலையில் ஆள் உளறும், வியர்க்கும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பு வரும். இனிப்புத் தேத்தண்ணி கொடுத்தால் பத்து நிமிடத்தில் எழும்பி இருந்து "என்ன நடந்தது?" என்று கேட்பார். அறிகுறி, அந்த நேரத்தில் இரத்தத்தில் சீனி குறைவு, இனிப்புக் கொடுத்ததும் சுகம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னவர் அலன் விப்பிள் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். 1935 இல் அவரோடு சேர்ந்து இதைப் பற்றி எழுதியவரும் மேலே சொன்ன அதே ஃபிரான்ற்ஸ் அம்மாதான். அதற்கு முன்னமே, 1929 இல், ரொறன்ரோவில் றொஸ்கோ கிரஹாம் என்பவர் இப்படியான கட்டியை வெட்டியெடுத்து ஒரு பெண்ணைச் சுகப்படுத்தியிருந்தார். எட்டு வருடத்துக்கு முதல் இன்சுலினைக் கண்டுபிடித்த அதே ஊர். எங்கள் வன்னி உறவுகள் பாதிப் பேர் இப்போது இருக்கிற ஊரும் அதுதான்.

கர்ப்பத்தில் இந்தக் கட்டி கண்ணாமூச்சி ஆடும். முதல் மாதங்களில் சத்தியால் சாப்பாடு குறைய, சீனி விழுந்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். நடுவில் சூல்வித்தக ஓமோன்கள் இன்சுலினை எதிர்ப்பதால் ஒளிந்துவிடும், எல்லாரும் சுகமாகிவிட்டது என்று நினைப்பார்கள். பிரசவம் முடிந்து அந்த ஓமோன்கள் போன கையோடு திரும்பி வரும். அப்போது தாய் பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தனியே இருப்பாள்.

நோன்பு காலத்தில் பிள்ளைத்தாய்ச்சி மயங்கி விழுந்தால் "நோன்புக் களைப்பு" என்று விட்டுவிடுகிறோம். நோயாளிக்கு விட்டுவிடச் சலுகை இருக்கிறது, கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் இருக்கிறது, பிறகு ஈடு செய்யலாம். அல்லாஹ் தந்த சலுகையை மாமிமார் பறிக்கிற வீடுகளை நாங்கள் அறிவோம். மயங்கினால் முதலில் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். அந்த மெஷின் இப்போது இல்லாத தெருவே இல்லை. எண்ணை ஒரு துண்டில் எழுதி கிளினிக் கார்ட்டுக்குள் வையுங்கள். அது இல்லாமல் டொக்டருக்கும் கண்டுபிடிக்க வழியில்லை.

கடினமான கேள்வி ஒன்றையும் தவிர்க்க முடியாது. புற்றுநோய் என்றால், முதல் மூன்று மாதமும் என்றால்? அந்தக் கட்டத்தில் கீமோ கொடுக்க முடியாது, பிள்ளையைப் பாதிக்கும். பிறகு சில மருந்துகளைக் கொடுக்கலாம். காத்திருக்கவும் முடியாத நிலை வரலாம். எங்கள் நாட்டுத் தண்டனைச் சட்டம் 1883 இல் எழுதியது. அதன் 303 ஆம் பிரிவில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டும் வழி விடப்பட்டிருக்கிறது. மார்க்கத்தில் நூற்றிருபது நாள் கணக்கு ஒன்று உண்டு. ஆனால் தாயின் உயிருக்கு நிச்சயமான ஆபத்து என்று நம்பிக்கையான டொக்டர்மார் சொன்னால் தாயைக் காப்பதே முதல் என்று அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். வேர் இருந்தால்தானே கிளை. அந்த முடிவை எடுக்கும் நாளில் தாய் அந்த அறையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. எங்கள் பக்கத்தில் டொக்டரோடு கதைப்பது கணவரும் மச்சானும், மௌலவியிடம் கேட்பது வாப்பா. வருத்தக்காரிக்கு முடிவு மட்டும் வந்து சேரும்.

டொக்டர்மாரையும் மிட்வைஃப் மிஸ்மாரையும் குறை சொல்ல இந்தப் பதிவு இல்லை. 1879 இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி, 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு என்று தொடங்கி, வீடு வீடாக மருத்துவிச்சி போய்த்தான் இந்த நாடு தாய்மார் இறப்பை இலட்சம் பிறப்புக்கு முப்பது அளவுக்குக் கொண்டுவந்தது. பக்கத்து நாடுகள் பார்த்துப் பொறாமைப்படுகிற வேலை. பெருங்குருதி, வலிப்பு, கிருமி ஆகியவற்றோடு சண்டை பிடித்து வந்த ஏற்பாடு அது. இப்போது மிச்சமிருப்பதில் பெரும் பங்கு இருதய வருத்தம் போன்ற, தாயின் சொந்த உடம்பில் ஏற்கனவே இருக்கிற நோய்கள். கிளினிக் கார்ட்டில் கர்ப்பப்பையின் உயரத்துக்குக் கோடு இருக்கிறது, பிள்ளையின் அசைவுக்கு இடம் இருக்கிறது. "தாய்க்கு எங்கே நோகிறது, எத்தனை நாளாக" என்று ஒரு கோடும் இருந்தால் என்ன?

எல்லாக் கர்ப்பிணிகளின் சதையியையும் ஸ்கேன் செய்யச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் ஒன்றுமில்லாத சின்ன நீர்க்கட்டிகளையும் கண்டு ஊரே பயந்து சாகும், வரிசையும் இரணைமடு வரைக்கும் போகும். முறைப்பாடு உள்ளவரை மட்டும்: விலாவுக்குக் கீழே நோ இரண்டு கிழமை தாண்டினால், அது முதுகுக்குப் போனால், நாலாம் ஐந்தாம் மாதத்தில் புதிதாகச் சத்தி தொடங்கினால், நிறை ஏற வேண்டிய காலத்தில் இறங்கினால், கண் மஞ்சளானால், சீனி விழுந்தால். வயிற்றில் ஜெல் ஏற்கனவே பூசியாகிவிட்டது, ஆளும் கட்டிலில்தான் படுத்திருக்கிறார், கருவியை ஒரு சாண் மேலே நகர்த்த ஐந்து நிமிடம். ஐம்பது பேர் வெளியே நிற்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். நாற்பத்தைந்து பிள்ளைகளின் கொப்பி திருத்துகிறவர்கள் நாங்கள்.

டொக்டர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். "பிள்ளை நல்லா இருக்கு" என்றவுடன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வராதீர்கள். "டொக்டர், எனக்கு இந்த இடத்தில நோகுது, இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்வது மரியாதைக் குறைவு இல்லை.

இந்த ஓமந்தையில் ஒரு காலத்தில் சோதனைச்சாவடி இருந்தது. வருத்தக்காரர் வெயிலில் வரிசையில் நின்று, செஞ்சிலுவைக் காரர்கள் நடுவில் நின்று கதைத்து அந்தப் பக்கம் கடந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறவர்கள் இதை வாசிப்பீர்கள். இன்று ஏ9 இரவு பகலாகத் திறந்திருக்கிறது. தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. அதற்குப் பணம் சேர்க்க 2011 இல் தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். மஹரகமைக்கும் ராகமைக்கும் இரவு பஸ் ஏறினால் விடிய இறங்கலாம். எங்கள் தங்கச்சியை இரண்டு மாதம் மறித்து வைத்த சாவடி எங்கள் ஸ்டாஃப் ரூம் மேசைதான், அதில் கோப்பையோடு இருந்த நாங்கள்தான்.

அவருக்கு வருகிற மாதம் வருட ஸ்கேன். புதன்கிழமை என்று திகதி கொடுத்திருக்கிறார்கள். லீவு போட்டால் ஒன்பதாம் வகுப்புக் கணிதம் பின்னால் நிற்கும் என்று தள்ளிப்போடப் பார்த்தார். அந்தப் புதன் அவருடைய மூன்று பாடத்தையும் நாங்கள் பிரித்து எடுத்துவிட்டோம். மகனை அன்றைக்கு ஆர் வைத்திருப்பது என்பதில்தான் இப்போது மேசையில் சண்டை.